கேட்டவர் கையெழுத்து

பத்து வரி போதும் என்றுதான் கார்த்திகா டீச்சர் கேட்டாள். பள்ளி ஆண்டு மலருக்காம். "பேண்டுப் பிள்ளைங்களை ஊட்டுல எப்புடி வாசிக்க வெக்கறதுன்னு குறிப்பாட்டம் எழுதிக் குடுங்க டீச்சர். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுட்டீங்கன்னா அப்புடியே அச்சுக்குக் குடுத்துருவேன்" என்றாள். நானும் தாளை எடுத்து ஒன்று என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். மூன்று நாளாக அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குமாரபாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு வருடம் நான்காம் வகுப்பு எடுத்தவள் நான். பேண்டு எனக்குக் கூடுதல் வேலை. ஆனால் ஊரில் யாருக்கும் நான் நான்காம் வகுப்பு டீச்சர் இல்லை, பேண்டு டீச்சர்தான். காய்கறிக் கடையில் நின்றால்கூட, "பேண்டு டீச்சருக்கு நல்ல தக்காளியாப் பார்த்துப் போடு" என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

இப்போது பேண்டைப் பார்ப்பவள் கார்த்திகா. நல்ல பெண், உழைப்பாளி. அவளுடைய கவலை இதுதான். காலையில் எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை பள்ளியில் வாசிக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் குச்சியைத் தொடுவதில்லை. அதனால் பெற்றோரின் வாட்ஸப் குழுவுக்குத் தினமும் ஒரு வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

"முதல் வாரம் முப்பது வீடியோ வந்துச்சுங்க டீச்சர். இப்ப நாலு வருது. அதுலயும் ரெண்டு போன வாரத்து வீடியோ."

"அந்த முப்பதுல நீ எத்தனை பார்த்தே?"

"எல்லாத்துக்கும் கட்டைவிரல் போட்டுட்டனுங்க."

"போட்டது தெரியும் சாமி. பார்த்தியான்னு கேட்டேன்."

கார்த்திகா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அவளைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவளிடம் இருப்பது மஞ்சள் நிறக் கட்டைவிரல். என்னிடம் இருந்தது சிவப்புப் பேனா. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை எந்த எண்ணுக்குக் கீழே எழுதுவது என்று தெரியாமல்தான் இந்த மூன்று நாளும் போயின. அதனால் குறிப்பு வேண்டாம், நடந்ததையே எழுதிவிடுகிறேன். மலரில் இடம் இருந்தால் போடட்டும்.

நான் பேண்டு கற்றுக்கொண்ட கதை பெரிய கதை இல்லை. சேலத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது, போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பதினைந்து நாள் வந்து எங்களுக்கு டிரம் சொல்லிக் கொடுத்தார். பதினைந்து நாளும் அவர் என்னிடம் சொன்னது ஒரே விஷயம்தான். "உன் வலது கை அதிகாரம் பண்ணுதும்மா. இடது கை அரை நொடி பிந்துது." முயன்றேன், சரியாகவில்லை. சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழை வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் காட்டியதுதான் தாமதம், தறி முதலாளி ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த பேண்டு சாமான்கள் பூட்டிக் கிடந்த அறையின் சாவி என் கைக்கு வந்துவிட்டது. ஆறு சைடு டிரம், ஒரு பெரிய டிரம், எட்டுக் குழல், ஒரு ஜோடி வெண்கலத் தட்டு, ஒரு முக்கோணக் கம்பி. எலி ஒரு டிரம்முக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் நான்காவதும் ஐந்தாவதும் படிப்பவர்கள். கழுத்தில் டிரம்மை மாட்டினால் டிரம்தான் தெரியும், பிள்ளை தெரியாது. முதல் மாதம் யாருக்கும் டிரம் கிடையாது. நெற்றியில் இரண்டு விரலால் தட்டல், தொடையில் இரண்டு கையால், அப்புறம் பெஞ்சு, அப்புறம்தான் பலகை. ஒரு சாண் அகலப் பலகையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இழுத்து ஒட்டி நானே செய்தவை அந்தப் பலகைகள். டிரம்மை வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப முடியாது, பலகையை அனுப்பலாம். வலது, இடது, வலது, வலது. இடது, வலது, இடது, இடது. இதை முதலில் நடையின் வேகத்தில் தட்ட வேண்டும். ஒரு வாரம் பிசகாமல் வந்தால்தான் ஓட்டத்தின் வேகம். குச்சியைக் கெட்டியாகப் பிடித்தால் அடி விழும், சத்தம் எழாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடிக்க, மற்ற மூன்று விரலும் சும்மா கூடவே போக வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு நாள் போதும். கைக்கு வர ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் வீட்டில்தான் நடக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். மிட்டாய் தீர்ந்தது, வாசிப்பு வரவில்லை. கன்னத்தில் நட்சத்திரம் ஒட்டிப் பார்த்தேன். ஒருவன் என் மேசையிலிருந்தே நட்சத்திரத்தை எடுத்து ஒட்டிக்கொண்டு வந்தான். திட்டியும் பார்த்தேன், அதில் நான் கெட்டிக்காரி. கடைசியில்தான் நோட்டு வந்தது.

நாற்பது பக்க நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டங்கள். தேதி, பாடம், எத்தனை தடவை, கேட்டவர் கையெழுத்து. வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்டு, "கேட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாரக் கடைசியில் ஒரு பெரிய கட்டம், அது என் கட்டம். திங்கட்கிழமை காலையில் நோட்டைப் பார்த்து நான் பச்சை மசியில் கையெழுத்துப் போடுவேன். ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் என் கைப்பட ஒரே ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அந்த நோட்டுகள் ஊரை எனக்குக் காட்டின. ஒரு பையனுக்கு டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒருத்திக்கு அவள் அம்மா திங்கட்கிழமையே சனிக்கிழமை வரை போட்டுக் கொடுத்துவிட்டாள். ஒரு நோட்டில் பக்கத்து வீட்டுக்காரர், "கேட்டேன். நிறுத்தினால் நல்லது" என்று எழுதியிருந்தார். ஆனாலும் வேலை நடந்தது. கேட்பதற்கு ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்துவிட்டால் பிள்ளை எப்படியும் தட்டிவிடும். இரண்டே மாதத்தில் பேண்டின் நடை மாறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற பள்ளி ஆசிரியர்கள் வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் காட்டிய பந்தாவை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அப்போது எங்கள் தலைமையாசிரியர் கமாலுதீன் சார். சேலத்துக்காரர், தினமும் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவார். சட்டைப் பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு பேனா வைத்திருப்பார். சிவப்பை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. யாரையும் வகுப்பில் வைத்தோ அலுவலக அறையில் வைத்தோ ஒரு சொல் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியது இருந்தால், "குழாயடி வரைக்கும் வாங்கம்மா" என்பார். மைதானத்து ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, அதில் வரிசையாக ஆறு குழாய். பேசிக்கொண்டே ஒழுகுகிற குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்குவார். ஆறாவது குழாய் வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும். குரல் உயராது. அந்த ஆறு குழாயைத் தாண்டி வருவதற்குள் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கண் கலங்கி நான் பார்த்திருக்கிறேன்.

கௌசல்யா ஐந்தாம் வகுப்பு. சைடு டிரம் வரிசையில் மூன்றாவது ஆள். கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. வலது கை ஓடும், இடது கை பின்னால் வரும். என் நோய்தான் அவளுக்கும். அதனாலேயே அவள்மேல் எனக்கு ஓர் எரிச்சல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பேச மாட்டாள். கேட்டதற்கு "ஆமாங்க டீச்சர்", "இல்லீங்க டீச்சர்", அவ்வளவுதான். ஆனால் நோட்டில் ஒரு நாள்கூட விட்டுப் போகாது. குண்டு குண்டான எழுத்தில் "கேட்டேன், செங்கோடன்" என்று தினமும் இருக்கும். செங்கோடன் அவள் அப்பா. இன்னொருவர் தறிப்பட்டறையில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர். தீபாவளி வருவதற்குள் அவளுடைய இடது கை வலது கையை எட்டிப் பிடித்திருந்தது. அதை நான் கவனித்தேன். எப்படி என்று யோசிக்கவில்லை.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த வாரம் ஏதோ சான்றிதழுக்காகச் செங்கோடன் பள்ளிக்கு வந்தார். நான் வலியப் போய், "கௌசல்யா நல்லாத் தேறிட்டாங்க. தினமும் உக்காந்து கேக்கறீங்களே, அதுதான் காரணம்" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். சிரித்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் அம்மா என்னைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"அவருக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க டீச்சர். இருவது வருசமா தறிக்குள்ளயே கிடந்து போயிருச்சுங்க. பின்னாடி நின்னு பட்டாசு போட்டாலும் திரும்ப மாட்டாருங்க."

மண்டையில் சுர்ரென்று ஏறியது. என் நோட்டு, என் விதி, என்னையே ஒரு பத்து வயதுப் பெண் ஏமாற்றிவிட்டாள் என்று. இரண்டு நாள் பொறுத்திருந்தால் ஆறியிருக்கும். நான் பொறுக்கிற ரகம் இல்லை.

மறுநாள் காலைப் பயிற்சியில் இருபது பிள்ளைகளுக்கு முன்னால் அவளை நிற்க வைத்தேன்.

"உங்கப்பாவுக்குக் காது கேக்காதாமே?"

"ஆமாங்க டீச்சர்."

"அப்புறம் இதுல கேட்டேன்னு எழுதினது யாரு?"

"எங்கப்பாதானுங்க."

"காது கேக்காதவரு எப்படிக் கேட்டாரு? பொய் சொல்லாதே."

"கேட்டாருங்க டீச்சர்."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில், அதே குரல். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். நோட்டின் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். எழுதியிருந்த கடைசிப் பக்கத்தில் "பொய்" என்று எழுதினேன். அவள் கையிலிருந்த குச்சிகளை வாங்கி அடுத்த பெண்ணிடம் கொடுத்தேன். கௌசல்யா அழவில்லை. நோட்டை மட்டும் எடுத்து, பிரித்த பக்கத்தை மூடி, பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

முதல் பாடவேளை முடிந்ததும் கமாலுதீன் சார் வாசலில் நின்றார். "குழாயடி வரைக்கும் வாங்கம்மா."

நான் நடந்ததை எல்லாம் கொட்டினேன். விதி, ஏமாற்று, ஒழுக்கம் என்று எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளை எல்லாம் போட்டேன். அவர் முதல் குழாயை இறுக்கினார்.

"அந்தப் பொண்ணு வாசிச்சதைக் கேட்டீங்களாம்மா?"

"இல்ல சார், கையெழுத்தே..."

"கையெழுத்தைப் பார்த்தீங்க. அது எனக்குப் புரியுது." இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய். "பலகையை அவ கையில குடுத்து, தட்டு பார்க்கலாம்னு சொல்லி, காதால கேட்டீங்களான்னுதான் கேக்கறேன்."

அவர் மிச்சக் குழாய்களையும் இறுக்கினார். ஆறாவதையும் முடித்துவிட்டு, "சனிக்கிழமை அவங்க வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க. நான் சொல்லி அனுப்பினேன்னு சொல்ல வேண்டாம்" என்றார்.

போனேன். மின்வெட்டு கடுமையாக இருந்த காலம் அது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மின்சாரம் போகும். நான் போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்குப் பின்பக்கம் ஒட்டியே அவர்கள் வீடு, ஒரே அறை. சுவர் அதிர்ந்தது. தரை அதிர்ந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள், சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. கௌசல்யாவின் அம்மா ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் எதையோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதை என் வாயைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். கௌசல்யா என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். என் பலகை சுவரில் ஆணியில் தொங்கியது. சாமி படத்துக்குப் பக்கத்து ஆணி.

மத்தியானம் மின்சாரம் போனது. பட்டறை முழுக்க ஒரே நொடியில் நின்றது. அந்த அமைதியில் என் காது குப்பென்று அடைத்துக்கொண்டது. செங்கோடன் கைகழுவிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார். "வாங்க டீச்சர்" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் உரக்க.

நான் வந்த காரணத்தை அவர் மனைவி உதடும் கையுமாகச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை. ஆணியிலிருந்து பலகையை எடுத்தார், தரையில் சம்மணமிட்டார், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதன்மேல் பலகையை வைத்துக்கொண்டார். கதவுப் பக்கம் பார்த்து, "வா சாமி" என்றார். கௌசல்யா வரவில்லை.

"செரி உடுங்க. நீங்க தட்டுங்க டீச்சர்."

குச்சிகளை வாங்கினேன். வலது, இடது, வலது, வலது. நடையின் வேகத்தில் தொடங்கி ஓட்டத்துக்குப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார். சொல்லலாமா வேண்டாமா என்கிற தயக்கம் முகத்தில் தெரிந்தது.

"வலது கை பலமா விழுகுதுங்க. எடது கொஞ்சம் பிந்தி வருதுங்க. பாப்பாவுக்கும் அப்புடித்தான் இருந்துச்சு, ஐப்பசியில செரியாப் போச்சுங்க."

எனக்கு அங்கேயே தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பயிற்சிப் பள்ளியில் அந்தப் போலீஸ் பேண்டுக்காரர் பதினைந்து நாள் சொன்ன அதே சொல். அதற்குப் பிறகு அத்தனை வருடத்தில் என் இடது கையைப் பற்றி வேறு யாரும் எதுவும் சொன்னதில்லை.

"தறியில கை வெச்சாத் தெரிஞ்சுருமுங்க" என்று அவரே விளக்கினார். "நாலு தறியில எது சுதி மாறுதுன்னு காதுல கேட்டா ஓட்டறோம்? கைதானுங்க. கரண்டு இருந்தா தறி அதிர்வு வந்து இதைக் கெடுத்துப் போடும். அதுனால எப்பக் கரண்டு போகுதோ அப்பத்தான் பாப்பாவைக் கூப்புடுவேன்."

ஊரே மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது அதற்காக ஒரு மனிதர் காத்திருந்தார். கேட்பதற்காக.

பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தார். "நான் கேட்டேனுங்க டீச்சர். கேக்காமப் போடலீங்க."

அந்தச் சிவப்பு எழுத்தை அவர் படித்திருக்கிறார். அவ்வளவு நேரமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் கை கூப்பினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் பதறிப் போய், "ஐயோ, என்னங்க டீச்சர் இது" என்று எழுந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் போய்க் கௌசல்யாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "டீச்சர் தப்புப் பண்ணிட்டேன் சாமி. திங்கக்கெழமை பேண்டுக்கு வந்துரு."

"வேண்டாமுங்க டீச்சர்" என்றாள்.

திங்கட்கிழமை பேண்டுப் பிள்ளைகள் எல்லாரையும் நிறுத்தி, நான்தான் தவறாகச் சொன்னேன், கௌசல்யா சொன்னது உண்மை என்று சொன்னேன். அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். வகுப்பு வாசல் வரை வந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். கமாலுதீன் சார், "விடுங்கம்மா, அவளா வரட்டும்" என்றார். அவள் வரவில்லை. குடியரசு தினத்தன்று வரிசையில் மூன்றாவது இடத்தில் வேறொரு பெண் நின்றாள். பேண்டு நன்றாகத்தான் வாசித்தது, எல்லாரும் கை தட்டினார்கள். கௌசல்யா ஐந்தாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. அவள் வாசிப்பையே விட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். கொடுத்த பலகையைத் திருப்பிக் கேட்க எனக்கு முகம் இல்லை.

அதற்குப் பிறகு என் வழக்கம் மாறியது. திங்கட்கிழமை நோட்டை மட்டும் பார்க்கிற வேலையை விட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, பலகைக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டேன். குழல் ஊதுகிற பிள்ளைக்கு முதுகில் கை. இருபது பிள்ளைக்குத் தலைக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம். திங்கட்கிழமைகளில் ஏழரை மணிக்கே பள்ளிக்குப் போனேன். காதில் சரியாகப் படுகிற அடி கையில் தப்பாகத் தெரிகிற அதிசயத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். கௌசல்யாவும் வந்தாள். அவளுடைய மாமா திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி பட்டறையில் இருக்கிறாராம். அங்கே செங்கோடனுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது, தறியை விட்டுக் குடும்பத்தோடு போகிறார்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். பையிலிருந்து பலகையை எடுத்தாள். அதன்மேல் நோட்டு.

"பள்ளிக்கூடத்துச் சாமானுங்க டீச்சர். அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

பலகை தேய்ந்து போயிருந்தது. டியூப் ரப்பரின் நடுவில் இரண்டு குழி, இரண்டும் ஒரே ஆழம். இடது கைக்கு ஒரு குழி, வலது கைக்கு ஒரு குழி.

நோட்டைத் திறந்தேன். நான் சிவப்பில் கோடு போட்ட பக்கங்கள் அப்படியே இருந்தன. அதற்கு அடுத்த பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புதிதாகக் கோடு போட்டிருந்தது. தேதி, நான் வீட்டுக்குப் போன அந்தச் சனிக்கிழமை. பாடம், எத்தனை தடவை, கேட்டேன், செங்கோடன். அடுத்த நாள். அதற்கடுத்த நாள். குடியரசு தினத்தன்றுகூட இருந்தது. பொங்கலுக்கு இருந்தது. பரீட்சை நாட்களில் "ஒரு தடவை மட்டும்" என்று இருந்தது. கடைசி வரி முந்தின நாள் தேதி. இருபத்தொரு வாரம். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஆசிரியருக்கான அந்தப் பெரிய கட்டத்தையும் அவர் மறக்காமல் போட்டு வைத்திருந்தார். இருபத்தொரு கட்டமும் காலியாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை தட்டிக் காட்டு சாமி" என்றேன். பலகையை நீட்டினேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். கை கொஞ்சம் அசைந்தது. அது என் கற்பனை இல்லை, நன்றாகப் பார்த்தேன். அப்புறம் வாசல் பக்கம் திரும்பினாள்.

"அப்பா வெளிய நிக்கறாருங்க டீச்சர். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. போய்ட்டு வாரேனுங்க."

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஓடிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செங்கோடன் பள்ளி வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவளைத் தேடாமல் இல்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திருச்செங்கோட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். தேர்த்திருவிழாவுக்குப் போனால் எல்லாரும் தேரைப் பார்ப்பார்கள், நான் முன்னால் போகிற பள்ளி பேண்டுகளில் சைடு டிரம் வரிசையைப் பார்ப்பேன். முகத்தை விட்டுவிட்டு இடது கைகளைப் பார்ப்பேன். பிந்தாத இடது கை நிறைய இருக்கிறது. அவற்றில் எதுவும் அவளுடையது இல்லை. இப்போது அவள் பள்ளியெல்லாம் தாண்டி, கல்யாணம்கூட ஆகியிருக்கலாம். குச்சியைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கலாம். எனக்கு அது தெரிந்தும் என்ன, ஏக்கம் போகவில்லை. ஆயிரக்கணக்கான தடவை பிள்ளைகள் தட்டியதைக் கேட்டவள் நான். கேட்காமல் விட்ட அந்த ஒன்றுதான் வேண்டும் என்று இருக்கிறது.

கார்த்திகா நேற்று மறுபடியும் போன் செய்தாள். "நம்பர் ஒண்ணாச்சும் சொல்லுங்க டீச்சர்" என்றாள். "திங்கக்கெழமை ஒரு மணி நேரம் முன்னாடி போ. பலகைக்கு அடியில கை வெச்சுக் கேளு. வேற நம்பர் எங்கிட்ட இல்ல" என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. இதைப் படித்தால் புரியலாம்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிச் சாமானைத் திருப்பிக் கொடுக்காதவள் நான்தான். இதை எழுதுவதற்காக அதை மறுபடி எடுத்தேன். காலிக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. பச்சைப் பேனாவைத் தேடி எடுத்து மூடியையும் திறந்துவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு யார் வந்து கேட்கப் போகிறார்கள், இருபத்தொரு கையெழுத்து, ஐந்து நிமிட வேலை. முதல் கட்டத்தில் பேனாவை வைக்கும்போது காற்றில் பக்கங்கள் புரண்டு நோட்டின் முதல் பக்கம் மேலே வந்தது. கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். செங்கோடன் ஒரு நாள்கூட மீறாத விதி அது.